பறவைத்திட்டு மண்ணும் அண்ணியின் கையெழுத்தும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளை டைப் அடித்தவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? வரிக்கு இரண்டு தப்பு, பக்கத்துக்கு ஒரு பொய், கடைசியில் அரைப் பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. ஆனால் இது என் கதை இல்லை, என் அண்ணியின் கதை. சாந்தமாகக் கேட்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். எனக்கு இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அண்ணி அதே ஆய்வுக்கூடத்தில் புழு எண்ணுகிறவர். சிரிக்காதீர்கள். கல்யாணமாகி வீட்டுக்கு வந்த அன்றே என் அம்மா, "என்ன வேலைம்மா பாக்கற?" என்று ஆசையாகக் கேட்டார். "புழு எண்றேன் அத்தை" என்றார் அண்ணி, பச்சைத் தண்ணீர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அம்மா ஒரு வாரம் அவர் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை.

அந்தப் புழுக்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கரண்டி மண்ணில் ஆயிரக்கணக்கில் இருக்கும், நூலைவிட மெல்லிசு, நூற்புழு என்று பெயர். அண்ணி மண்ணை மெல்லிய காகிதத்தில் பரப்பி, புனலின் வாயில் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருப்பார். உயிருள்ள புழு நெளிந்து நெளிந்து காகிதத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். செத்தது இறங்காது. அப்புறம் புனலின் அடியிலிருக்கும் ரப்பர் குழாயைத் திறந்து, வருகிற தண்ணீரைக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, கட்டம் கட்டமாக எண்ணுவார். இடது கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு எண் ஏறும். இருபத்திரண்டு வருஷமாக அழுத்தி அழுத்தி, டிவி பார்க்கும்போதுகூட அந்தக் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். பஸ் ஓட்டுகிற என் அண்ணன், "கல்யாணமான புதுசுல எனக்குத்தான் ஏதோ சிக்னல் குடுக்கறாளோன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

எண்ணி முடித்ததும் தாளின் அடியில் "எண்ணியவர்" என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். எறும்பு அளவு கையெழுத்து. நடுவில் ஒரு தும்மல் வந்தால் அந்தத் தட்டை முதலிலிருந்து எண்ணுவார். ஒருமுறை ஒரு பெரிய படிப்புக்காரர் நானூற்றுப் பன்னிரண்டை "சுமார் நானூறு" என்று மாற்றிவிட்டார். அண்ணி அவர் எதிரில் போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் டீ குடிக்கிறார், போன் பேசுகிறார், வெளியே போய்விட்டு வருகிறார், அண்ணி அங்கேயே நிற்கிறார். சாயங்காலம் அவரே பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தார். கல்லுளிமங்கி! நானாக இருந்தால் மேஜையைத் தட்டி ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பேன்.

இவ்வளவு செய்தும் அவர் வேலை நிரந்தரம் கிடையாது. வருஷா வருஷம் நீட்டிப்பு. அந்தக் காகிதத்தை மேலே அனுப்ப வேண்டியவர் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அத்தர். மனிதர் வராந்தாவில் வருவதற்கு முன்னால் அவர் பூசிய வாசனை வந்துவிடும். தும்மலுக்கு அண்ணி மறுபடி எண்ணிய தட்டுகளில் பாதி அத்தர் புண்ணியத்தில்தான்.

இப்போது பறவைத்திட்டுக்கு வருகிறேன். துறைமுகத்துக்கு வெளியே கடலில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுக்க ஆலாப் பறவைகள், வருஷத்தில் நான்கு மாதம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மறுபக்கம் வெறும் புல். துறைமுகக்காரர்களுக்கு அங்கே ஒரு விளக்குக் கம்பம் நட வேண்டும், பறவைகளை அங்கிருந்து ஒரேயடியாகக் கிளப்ப வேண்டும். சும்மா கிளப்ப முடியாதே, காரணம் வேண்டாமா? பறவை எச்சத்தால் மண் கெடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எழுதினார்கள். எங்கள் ஆள் ஒருவர் படகில் போய், கூட்டுப் பக்கம் ஆறு பை, புல் பக்கம் ஆறு பை மண் அள்ளிக்கொண்டு வந்தார்.

ஐயையோ, அந்த நாற்றம்! புல் பக்கத்துப் பைகள் தேவலை. கூட்டுப் பக்கத்து ஆறும் அழுகின மீனை அமோனியாவில் ஊற வைத்த மாதிரி. அத்தர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனியனை யாராவது அப்புறப்படுத்துங்கப்பா!" என்று கத்திவிட்டு ஓடினார். பன்னிரண்டு பையையும் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். எந்த ஃபிரிட்ஜில்? நாங்கள் சாப்பாட்டு டப்பா வைக்கிற ஃபிரிட்ஜில். தனி ஃபிரிட்ஜ் கேட்டு நானே ஏழு கடிதம் டைப் அடித்திருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. வியாழக்கிழமை காலை டப்பாவை வைக்கக் கதவைத் திறந்தேன், குடலைப் புரட்டியது. வந்த ஆத்திரத்தில் நாறுகிற ஆறு பைகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, அன்று பகல் முழுக்க ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டு, சாயங்காலம் கிளம்பும்போது திரும்ப உள்ளே தள்ளினேன். என் முடிச்சு எங்கள் வீட்டில் பிரசித்தம். கோபத்தில் போட்டால் அவிழ்க்கவே முடியாது. அண்ணன் சாமான் பையைப் பார்த்ததுமே, "இவ முடிச்சா? கத்திரிக்கோல் எடு" என்பார்.

வெள்ளிக்கிழமை அண்ணி புனல்களில் மண்ணை வைத்தார். திங்கட்கிழமை திறந்தார். புல் பக்கம் ஒவ்வொரு பையிலும் ஐந்நூறு, அறுநூறு புழு. கூட்டுப் பக்கம் ஆறிலும் பூஜ்யம்.

அத்தருக்கு வாயெல்லாம் பல். செவ்வாய்க்கிழமையே அறிக்கை என் மேஜைக்கு வந்துவிட்டது. "பறவைகள் கூடு கட்டும் பகுதியில் எச்சத்தின் நச்சுத்தன்மையால் மண்ணின் நுண்ணுயிர்கள் முற்றிலும் அழிந்துவிட்டன." என் கையால்தான் டைப் அடித்தேன். பின்னிணைப்பாக எண்ணிக்கைத் தாள் போக வேண்டும். அதில் அண்ணியின் கையெழுத்து வேண்டும். அண்ணி போட மாட்டேன் என்றுவிட்டார்.

"பூஜ்யம்தானே வந்துது? நீங்கதானே எண்ணினீங்க?" என்றார் அத்தர்.

"புனல்ல பூஜ்யம். மண்ணுல பூஜ்யம் இல்ல சார். புதுசா மண்ணு எடுக்கணும்."

"படகு என்ன உங்க வீட்டு வாசல்லயா நிக்குது? பத்து நாள்ல பறவையெல்லாம் கிளம்பிடும், அப்புறம் எடுத்த மண்ணு செல்லாது. வெள்ளிக்கிழமை துறைமுகத்து அதிகாரி வர்றார். அதுக்குள்ள கையெழுத்து வரணும். இல்லன்னா உங்க நீட்டிப்புக் காகிதம் என் மேஜையைத் தாண்டாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதலில் அத்தரைத் திட்டினேன். அது ஒரு மணி நேரம். அப்புறம் அண்ணி பக்கம் திரும்பினேன்.

"ஒரு கையெழுத்து அண்ணி! போட்டுத் தொலைங்களேன்! நீங்க போடலன்னா அந்த ஆளு நாளைக்கே வேற எவனையாவது ஒக்கார வெச்சுப் போட்டுக்குவான். உங்க நாற்காலி போயிடும். இருபத்திரெண்டு வருஷம்! மைக்ராஸ்கோப் இல்லாம வீட்ல ஒக்காந்து எதை எண்ணுவீங்க? என் நரைமுடியையா?"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் இதே திட்டுலேந்து ஒரே ஒரு பை வந்துது, ஞாபகம் இருக்கா? கூட்டுப் பக்க மண்ணு. ரெண்டாயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு. பறவை போடறத பாக்டீரியா திங்கும், பாக்டீரியாவ புழு திங்கும், புழுவ மண்ணுல இருக்கற உண்ணி திங்கும். அங்க வகை கம்மி, கூட்டம் ஜாஸ்தி. எச்சம் புதுசா விழுந்த எடத்துல கொஞ்சம் புழு சாகும்தான். ஆறு எடத்துலயும் ஒண்ணுகூட இல்லாமப் போகாது."

"அப்ப ஏன் பூஜ்யம்?"

"மிச்ச மண்ணை இன்னிக்கு சக்கரைத் தண்ணில கலக்கிப் பாத்தேன். அதுல செத்ததும் மேல மெதந்து வரும். வந்துது. ஆயிரக்கணக்குல. எல்லாம் செத்தது. எல்லாம் நேரா." கையிலிருந்த சட்டையின் கையை இழுத்து நீட்டிக் காட்டினார். "தானா செத்தா கோணல்மாணலா கெடக்கும். சூடு பட்டுச் செத்தாத்தான் இப்படிக் குச்சி மாதிரி நிமிரும். ஸ்லைடு போடறப்ப நானே வெந்நி ஊத்தித்தான் நிமித்துவேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரோ வேக வெச்சிருக்கான்!"

"சூடு பட்டிருக்கு. அவ்ளோதான் தெரியும்."

"யாரு? சொல்லுங்க அண்ணி, யாரு?"

"யாருன்னு கேக்காத" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பயப்படுகிறார் என்று நினைத்தேன். யாருக்குப் பயப்படுவார்? அத்தருக்குத்தான். சரியாக நாறுகிற ஆறு பை மட்டும் வெந்திருக்கிறது. துறைமுகக்காரர்களுக்கு வேண்டிய முடிவு கச்சிதமாக வந்திருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ராத்திரி எப்படித்தான் தூங்கினேனோ.

புதன்கிழமை காலை கைப்பையைக்கூட வைக்காமல் நேராக அத்தர் அறைக்குள் போனேன்.

"மண்ண வேக வெச்சது நீங்கதானே சார்?"

"என்னம்மா?"

"கூட்டுப் பக்கத்து ஆறு பை. சூடு காட்டிப் புழுவையெல்லாம் கொன்னுட்டு, பறவை கொன்னுதுன்னு எழுதிட்டீங்க. என் கையாலயே டைப் அடிக்க வெச்சீங்க. வாயில்லாப் பூச்சி கெடச்சுதுன்னு எங்க அண்ணி தலையில கட்டப் பாக்கறீங்களா? இருபத்திரெண்டு வருஷம் கண்ணு நோக எண்ணினவங்கள ஒரு காகிதத்தைக் காட்டி மெரட்டறீங்களே, வெக்கமா இல்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. அத்தர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அந்தப் பைகளைத் தொடவே இல்லம்மா... நாத்தம் தாங்காம..." என்று திணறினார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அப்போது கதவோரம் கண்ணாடிச் சாமான் தட்டோடு நின்றுகொண்டிருந்தவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். பாட்டில் அண்ணன். ஆய்வுக்கூடத்தில் புனலும் குப்பியும் கழுவுகிறவர்.

"அந்தப் பிளாஸ்டிக் பை மூட்டையா மேடம்? முடிச்சுப் போட்டது?"

"ஆமா. நீங்க பாத்தீங்களா? சொல்லுங்க, யாருக்கும் பயப்படாதீங்க."

"நீங்கதானே வியாழக்கிழமை காலையில அதை ஒலத்துற அலமாரி கீழ்த்தட்டுல வெச்சீங்க? நான் பத்து மணிக்குக் கண்ணாடிய அடுக்கிட்டு எப்பவும்போல சூட்டைப் போட்டேன். சாயங்காலம் நீங்களே வந்து எடுத்துட்டுப் போனீங்க."

கழுவிய கண்ணாடிகளை உலர்த்துகிற அலமாரி. இறுக்கமான கதவு, நாற்றம் வெளியே வராது, அதனால் அங்கே வைத்தேன். அது சூடாகும் என்று எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாக அதைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போகிறேன். எடுக்கும்போது பை கதகதவென்று இருந்தது. "கர்மம், இன்னும் அதிகமா நாறுது" என்று அதற்கும் திட்டித்தான் ஃபிரிட்ஜில் தள்ளினேன்.

"பாத்தீங்கல்ல, அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "உங்ககிட்டயா மேடம்?" என்றார்.

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். அத்தர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மனிதர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒக்காருங்கம்மா. தெரியாம நடந்துபோச்சு. யார் கேக்கப் போறா? அறிக்கை இப்படியே போகட்டும். உங்க பேர் எங்கயும் வராது, நான் பாத்துக்கறேன். நீங்க போய் உங்க அண்ணிய ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அவங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்றார். அத்தர் வாசனை முகத்தில் அடித்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் ஒரு அறையை விட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் அண்ணி சமையலறையில் இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"முடிச்சை வெட்டினது நான்தானே."

"அப்புறம் ஏன் சொல்லல? ராத்திரி பூரா ஊரையே திட்டிட்டிருந்தேனே! என் மூஞ்சில காறித் துப்பியிருக்கலாம்ல? 'நீதான்டி பண்ணின'ன்னு அந்த ஆளுகிட்ட சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த மெரட்டல் உண்டா? யாருக்காக இந்தத் தியாகம்? யாரு கேட்டா?"

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணி, அடுப்பைத் தணித்துக்கொண்டே. "நீ என்ன பண்ணினன்னு நான் பாக்கல. முடிச்சை மட்டும்தான் பாத்தேன். பாக்காததை எப்படிச் சொல்றது? நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நேத்து நீ கத்தினதப் பாத்தப்பறம்தான், உனக்கே தெரியலன்னு புரிஞ்சுது."

எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர்மேல் வரவில்லை. இத்தனை வருஷம் என் கோபம் எப்போதும் எங்காவது வெளியே போய் விழும், யாராவது கிடைப்பார்கள். அன்று ஒருவரும் கிடைக்கவில்லை. கூட்டுப் பக்கத்தில் குஞ்சுகளோடு உட்கார்ந்திருக்கும் பறவைகள்மேல் பழி. எண்ணியவர்மேல் பழி. கொன்றவளைக் கேட்க மட்டும் எல்லோருக்கும் பயம். சாப்பிடாமல் படுத்தேன். அண்ணி வந்து கூப்பிட்டார், அதற்கும் எரிந்து விழுந்தேன். வழக்கம் எங்கே போகும்?

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்து அதிகாரி வெள்ளிக்கிழமை வந்து, முந்தின நாள் நான் நடந்ததை எழுதிவைத்த கடிதத்தைப் படித்தார். அதற்குமேல் பழைய அறிக்கையை வாங்க அவருக்கே தைரியமில்லை. பறவைகள் கிளம்புவதற்குள் படகு மறுபடி போனது. புதுப் பைகளைத் தொடக்கூடாது என்று எனக்கு எழுத்தில் உத்தரவு வந்தது, அதையும் நானே டைப் அடித்தேன். கூட்டுப் பக்கத்து முதல் பையில் மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு. மூவாயிரத்துச் சொச்சம் என்று சொன்னால் அண்ணிக்குப் பிடிக்காது. இப்போது நான் சாமான் கிடங்கில் பினாயில் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், தண்டனை. அண்ணியின் நீட்டிப்பு வந்துவிட்டது, அதே ஒரு வருஷத்துக்கு. நிரந்தரம் மட்டும் செய்ய மாட்டார்கள், பாவிகள்.

ஆனால் எனக்கு மறக்காதது அதிகாரி வருவதற்கு முந்தின வியாழக்கிழமை மதியம்தான். கடிதத்தை மூன்று தடவை அடித்தேன். முதல் இரண்டில் ஃபிரிட்ஜ் பற்றியும் அத்தர் பற்றியும் அந்த ஏழு கடிதங்கள் பற்றியும் ஒரு பக்கம் வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். மூன்றாவது நாலே வரி. என்றைக்கு, எத்தனை பை, எந்த அலமாரி, எவ்வளவு நேரம். கடைசியில், "மண்ணிலிருந்த உயிர்களைக் கொன்றது பறவைகள் அல்ல, இந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவள்" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். எடுத்துக்கொண்டு அண்ணியின் அறைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"படிங்க. இதுக்காவது உங்க கோபத்தைக் காட்டுங்க."

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையின் கீழும் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடி படித்தார். கட்டைவிரல் துடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பேனாவை எடுத்து இரண்டாம் வரியில் ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தினார்.

"ஆறு பை. அஞ்சுன்னு அடிச்சிருக்க."

பிறகு காகிதத்தின் அடியில், என் பெரிய கையெழுத்துக்குக் கீழே, "எண்ணியவர்" என்று எழுதி எறும்பு அளவில் தன் கையெழுத்தைப் போட்டார். தேதியும் போட்டார். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.